கழிமுகத்தில் ஓர் ஊர்: புன்னைக்காயலும் தமிழ் அச்சின் தொடக்கமும்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் நெடுஞ்சாலை, முக்காணிக்கும் ஆத்தூருக்கும் இடையே தாமிரபரணியைக் கடக்கிறது. பாலத்தின் மேல்புறம் நோக்கினால் வாழையும் வெற்றிலைக்கொடிக்காலும் நெல்வயலும் தெரியும். கீழ்புறம் நோக்கினால் நீர் அகன்று, கரை தாழ்ந்து, உப்புக்காற்று வீசும். பொதிகையில் பிறந்து ஏறத்தாழ 128 கிலோமீட்டர் நடந்து வந்த ஆறு தன் பயணத்தை முடித்துக்கொள்ளும் நிலப்பகுதி அது. ஆத்தூரிலிருந்து கிழக்கே செல்லும் சிறுசாலையின் முடிவில், ஆறும் கடலும் கூடும் இடத்தில் உள்ளது புன்னைக்காயல்.

புன்னை நெய்தல் நிலத்து மரம். காயல் என்பது கடலை ஒட்டிய கழி. நிலமும் நீரும் சேர்ந்து ஊருக்குப் பெயராயின. வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும் மீனவர் ஊராகவே இன்று வருவோர் இதனைக் காண்பர். இவ்வூர் ஒரு காலத்தில் முத்துக்குளித்துறையின் தலைமையிடமாக விளங்கிற்று என்பதையோ, தமிழ் உரைநடை அச்சேறிய வரலாற்றில் இதற்கு நீங்கா இடம் உண்டு என்பதையோ வெளித்தோற்றம் காட்டுவதில்லை. அவ்விடம் எத்தகையது, எந்த அளவினது என்பதை மிகையும் குறையுமின்றி வரையறுக்க முயல்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆறு இடம் மாற்றிய துறைமுகங்கள்

புன்னைக்காயலின் வரலாற்றைத் தனித்து எழுதுதல் இயலாது. அது மூன்று துறைமுகங்களின் வரிசையில் மூன்றாவது. முதலாவது கொற்கை, இரண்டாவது காயல், அதாவது இன்றைய பழையகாயல்.

அகநானூறும் ஐங்குறுநூறும் மதுரைக்காஞ்சியும் கொற்கையை அறியும். சிலப்பதிகாரம் வெற்றிவேற்செழியனைக் கொற்கையோடு இணைத்துப் பேசும். செங்கடற் செலவு பற்றிய கிரேக்க நூலான பெரிப்புளூசு, கி.பி. முதல் நூற்றாண்டில் இத்துறையைக் கொல்கி எனக் குறித்து, பாண்டியர் ஆட்சியில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக்குளிப்பு நடைபெற்றதைச் சொல்கிறது. பாண்டிமாதேவியின் ஆரத்தில் ஒளிர்ந்த முத்தின் பின்னே கடலடியில் மூச்சடக்கிய ஒரு கைதியின் வாழ்வு இருந்தது என்பதைப் புலவர் பாடாத அவ்வணிகக் குறிப்பு நமக்கு உணர்த்துகிறது. பின்வந்த தாலமியும் கொல்கோய் என இவ்வூரைக் குறித்தார்.

இத்தகு கொற்கை இன்று கடலிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கிடையே அமைந்த சிற்றூர். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1968–69இல் நடத்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு கி.மு. 785 எனக் காலம் காட்டியது. அருகிலுள்ள சிவகளையில் முதுமக்கள் தாழியினுள் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என 2021இல் அறிவிக்கப்பட்டது. ஆற்றின் இறுதிப்பகுதி முழுவதுமே மிகத் தொன்மையான வாழ்விடம் என்பதை இவை உறுதி செய்கின்றன.

கொற்கையைக் கடல் கைவிட்டபின் காயல் எழுந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்கரைக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, காயிலைப் பெருநகர் எனப் போற்றுகிறார். ஓர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றி வந்த கப்பல்கள் இங்கே தங்கின என்பது அவர் தரும் செய்தி. நூற்றாண்டுகள் பல கடந்து, இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் பழையகாயலின் மணல்வெளிகளில் நடந்தபோது சீனப் பீங்கான் துண்டுகளையும் அரேபிய மட்கலத் துண்டுகளையும் கண்டெடுத்தார். கொற்கையிலும் காயலிலும் தாம் நிகழ்த்திய ஆய்வுகளை 1877இல் வெளியிட்ட அவர், 1881இல் வெளிவந்த திருநெல்வேலி வரலாற்று நூலில் இத்துறைமுகங்கள் இடம் மாறிய காரணத்தைத் தெளிவுபடுத்தினார்.

காரணம் ஆறே. மலையிலிருந்து தாமிரபரணி கொணரும் வண்டல் கழிமுகத்தில் படிகிறது. படிந்த வண்டல் நிலமாகிறது. நிலம் வளர வளரக் கடல் கிழக்கே விலகுகிறது. துறைமுகத்தின் ஆழம் குறைந்து பெருங்கலங்கள் வரமாட்டா நிலை ஏற்படுகிறது. வணிகர் கடலைத் தொடர்ந்து கிழக்கே நகர, பழைய நகர் சிற்றூராகச் சுருங்குகிறது. மருதத்துக்கு வளம் தந்த அதே வண்டல் நெய்தலின் துறையைத் தூர்த்தது. நெல்லைச் சீமையின் நெற்களஞ்சியமும் கொற்கையின் வீழ்ச்சியும் ஒரே ஆற்றின் இரு செயல்கள் எனல் பொருந்தும். கொற்கையிலிருந்து காயலுக்கும், காயலிலிருந்து புன்னைக்காயலுக்கும், இறுதியில் ஆற்றின் வண்டல் எட்டாத தூத்துக்குடிக்கும் துறைமுகம் பெயர்ந்த வரலாறு இதுவே.

முத்துக்குளித்துறையின் தலைமையிடம்

1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவர் பெருந்தொகையினராகக் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். கடலாதிக்கத்தில் ஏற்பட்ட போட்டியும், போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடவேண்டிய தேவையும் அதற்கு அடிப்படையாயின. 1542இல் பிரான்சிசு சவேரியார் இக்கரைக்கு வந்தார். மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி முதலிய ஊர்களில் நடந்தே பணியாற்றிய அவர், தம் உடன்பணியாளரான மான்சிலாசுக்கு எழுதிய கடிதங்கள் பல இன்றும் கிடைக்கின்றன.

அவற்றுள் ஒரு கடிதம் தமிழறிந்தார் அனைவரும் கருதத்தக்கது. நம்பிக்கை அறிக்கையைத் தமிழாக்கியபோது, நம்புகிறேன் எனப் பொருள்படவேண்டிய இடத்தில் வேணும் என்ற சொல் நுழைந்துவிட்டது. சில காலம் கழித்தே சவேரியார் அதன் பொருளை அறிகிறார். வேணும் என்பது விருப்பத்தைக் குறிக்கும் சொல். அதனை நீக்கி விசுவாசம் என்ற சொல்லை இடுக என அறிவுறுத்துகிறார். கடவுளை நம்புகிறேன் என்று சொல்லவேண்டிய மக்கள், கடவுள் எனக்கு வேண்டும் என்று சொல்லி வந்திருக்கின்றனர். இறையியல் நோக்கில் அது பிழை. எனினும் பக்தி இலக்கிய மரபில் தோய்ந்த தமிழ்நெஞ்சுக்கு அப்பிழை அத்துணை அயலானதன்று. ஒரு சொல்லில் இரண்டு சமய மரபுகள் மோதிக்கொண்ட நிகழ்ச்சி அது.

மொழிபெயர்ப்பாளர் துணையின்றித் தாமே தமிழ் பேசவேண்டும் என்ற எண்ணம் இத்தகு இடர்ப்பாடுகளில் பிறந்தது. அதனை நிறைவேற்றியவர் என்றீக்கு என்றீக்கசு என்னும் அடிகளார். தமிழ் மக்கள் அவரை அண்டிரிக்கு அடிகளார் என வழங்கினர். போர்ச்சுகல் நாட்டு விலாவிசோசாவில் 1520இல் பிறந்தவர், யூத மரபினர், 1546இல் கோவாவுக்கு வந்து, அடுத்த ஆண்டு முத்துக்குளித்துறையை அடைந்தார். பின்னர் 1600இல் இறக்கும் வரை, அரை நூற்றாண்டுக்கு மேல், இக்கரையே அவருக்கு வீடாயிற்று. புன்னைக்காயலில் அவர் நோயாளருக்கென மருத்துவமனை ஒன்றையும் நிறுவினார்.

அக்காலப் புன்னைக்காயல் அமைதியான ஊர் அன்று. போர்ச்சுகீசியர் கோட்டையும் படைத்தலைவரும் இங்கே இருந்தமையால் அவர்தம் பகைவரின் குறியும் இவ்வூரே ஆயிற்று. 1553இல் கடல்வழி வந்த படை ஊரைக் கைப்பற்றியது. படைத்தலைவரோடு அடிகளாரும் சிறைப்பட்டுப் பின்னர் மீட்கப்பட்டார். அதன்பின்னும் அவர் இக்கரையை விட்டு அகலவில்லை.

பேச்சினின்று பிறந்த இலக்கணம்

அடிகளார் தமிழ் கற்ற முறை தனித்தன்மை வாய்ந்தது. அவருக்கு முன்னிருந்த மாதிரி இலத்தீன் இலக்கணம். வேற்றுமைகளையும் வினைத்திரிபுகளையும் அம்முறையில் வகைப்படுத்திக் கற்றார். தாம் கற்றதைத் தம்பின் வருவோர்க்கென எழுதிவைத்தார். போர்ச்சுகீசிய மொழியில் அமைந்த அவ்விலக்கணம் நெடுங்காலம் கையெழுத்துப் படியாகவே லிசுபன் நூலகத்தில் இருந்தது. 1982இல் ஆன்சு வெர்மீர் அதனைப் பதிப்பித்தார். 2013இல் சீன் கைன், வி.எசு. இராசம் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஆர்வர்டு கீழைத்தேய வரிசையில் வெளிவந்தது.

நன்னூலைப் பயின்று எழுதப்பட்ட இலக்கணம் அன்று இது. கடற்கரையில் வலையுணக்கியவரும் மீன் விற்றவரும் பேசிய மொழியே இதற்கு மூலம். நம் இலக்கண மரபு செந்தமிழைப் போற்றிக் காத்தது; அது செய்யவேண்டிய பணி. ஆயினும் 16ஆம் நூற்றாண்டில் ஒரு தமிழர் தம் வீட்டில் எவ்வாறு பேசினார் என அறிய விழைவோர்க்கு அம்மரபினுள் கிடைக்கும் சான்றுகள் மிகக் குறைவு. மொழி தெரியாத ஓர் அயலவர் ஒவ்வொரு சொல்லையும் காதால் கேட்டு எழுதியதால்தான் அக்காலப் பரதவரின் பேச்சு நமக்கு எஞ்சியது. புலமையின் எல்லைக்கு வெளியே நின்ற மக்களின் மொழிக்கு இவ்வாறு ஓர் ஏடு வாய்த்தது.

அச்சேறிய நூல்கள்

தமிழ் மொழி முதலில் அச்சேறியது தமிழ் எழுத்தில் அன்று, தமிழகத்திலும் அன்று. 1554இல் லிசுபன் நகரில் வெளிவந்த கார்த்தில்யா என்னும் சிறுநூலில் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் அமைந்தன. அதனை ஆக்கியோர் லிசுபனில் இருந்த தமிழர் மூவர். வின்செந்தே தெ நசரே, சோர்சு கர்வாலோ, தோமே த குரூசு என அவர்கள் போர்ச்சுகீசியப் பெயர்களாலேயே குறிக்கப்பெறுகின்றனர்.

சிறு மொழிகளின் முதல் நூல்கள் ஆதிக்கத் தலைநகர்களில் அச்சாவது உலக வரலாற்றில் புதுமையன்று. வேல்சு நாட்டு மொழியின் முதல் நூல் 1546இல் வெளிவந்தது. அச்சிட்ட இடம் இலண்டன். வேல்சு மண்ணில் முறையான அச்சுக்கூடம் அமைய 1718 வரை அம்மக்கள் காத்திருக்க நேர்ந்தது. அதுவும் அமைந்தது ஒரு சிற்றூரிலேதான். இலக்கியச் செழுமையில் சிறுமையுறாத தமிழும் அச்சுக்கலையைப் பொறுத்தவரை அதே வழியில் நடந்தது.

கோவாவில் 1556இல் அச்சுப்பொறி வந்திறங்கியது. 1577இல் அங்கே சோவான் கொன்சால்வசு தமிழ் எழுத்துகளை வார்த்தார். அடுத்த ஆண்டு கொல்லத்தில் சோவான் தெ பாரியா மேலும் திருந்திய எழுத்துகளைச் செய்வித்தார். இயேசு சபையில் சேர்ந்த முதல் இந்தியரான பெரோ லூயிசு அதற்கு உதவினார். அவ்வெழுத்துகளைக் கொண்டு 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் 16 பக்கங்களில் தம்பிரான் வணக்கம் அச்சாயிற்று. மொழிபெயர்த்தவர் என்றீக்கசு அடிகளார். அதன் இறுதிப் பக்கத்தில் கோவா எழுத்தும் கொல்லம் எழுத்தும் மாதிரிக்காகக் காட்டப்பட்டுள்ளன. 1579இல் கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம் 120 பக்கங்களில் வெளிவந்தது. 1586ஆம் ஆண்டுக்குரியதாகக் கொள்ளப்பெறும் புளோசு சாங்தோரும் என்னும் அடியார் வரலாறு 600 பக்கங்களுக்கு மேல் விரிந்த பெருநூல்.

இந்நூல்களில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. குறில் நெடில் எகர ஒகரங்களுக்கிடையே வேறுபாடு இல்லை. அக்கால ஓலையில் எழுதப்பட்டவாறே எழுத்துகள் ஈயத்தில் வார்க்கப்பட்டன. கண் பழகாதவர் இன்று ஒரு பக்கத்தைப் படிக்கவும் இடர்ப்படுவர். ஆயினும் அப்பக்கங்கள் பேசுவது கதைப்பாடலோ செய்யுளோ அன்று; எளிய உரைநடை. இறைவனைக் குறிக்கத் தம்பிரான் என்னும் சொல்லைத் தேர்ந்த நுண்ணுணர்வும் எண்ணத்தக்கது. வேணும் என்ற சொல்லில் தடுமாறியதற்கும் தம்பிரான் என்ற சொல்லைக் கண்டடைந்ததற்கும் இடையே முப்பதாண்டு மொழிப்பயிற்சி நிற்கிறது.

வங்க எழுத்து அச்சேறிய ஆல்கெட்டின் இலக்கணம் வெளிவந்தது 1778இல். தம்பிரான் வணக்கம் அதற்குச் சரியாக 200 ஆண்டுகள் முற்பட்டது. இந்திய மொழிகளுள் தன் சொந்த எழுத்தில் முதலில் நூல் கண்ட மொழி தமிழ் என்பது இதனால் பெறப்படும்.

மிகையும் உண்மையும்

இங்கேதான் புன்னைக்காயலைப் பற்றிய ஒரு வினா எழுகிறது. ஆசியாவின் முதல் அச்சுக்கூடம் புன்னைக்காயலிலேதான் அமைந்தது என விழா மேடைகளில் முழங்குவதுண்டு. ஊர்ப்பற்று போற்றத்தக்கதே. எனினும் இக்கூற்று நிலைபெறாது. சீனத்தில் 868ஆம் ஆண்டிலேயே மரக்கட்டை அச்சில் நூல் உண்டு. கொரியாவில் 1377இல் உலோக எழுத்தால் நூல் அச்சிட்டனர். இந்தியாவுக்குள்ளேயே கோவா முந்தியது. தமிழ் எழுத்தில் முதல் நூல் கொல்லத்தில் அச்சானது என்பதை அந்நூலே கூறுகிறது.

அடியார் வரலாறு புன்னைக்காயலில் அச்சானது என்பது அச்சு வரலாறு எழுதியோர் பலரின் கருத்து. கொச்சியில் அச்சானது எனக் கொள்வாரும் உளர். இருசாரார் கூற்றையும் ஒருங்கே வைத்து நோக்குவதே ஆய்வு நெறியாகும். ஐயத்திற்கிடமான ஒன்றின்மேல் ஊரின் பெருமை முழுவதையும் ஏற்றிவைத்தால், அவ்வொன்று சரியும் நாளில் உண்மையான பெருமையும் உடன் சரிந்துவிடும்.

புன்னைக்காயலின் உரிமை வேறிடத்தில் உள்ளது. ஒரு நூல் பிறந்த இடம் எது? எழுத்தைக் கோத்த இடமா, சொல்லைக் கோத்த இடமா? கொல்லத்திலும் கொச்சியிலும் அச்சான நூல்களின் தமிழ் இக்கழிமுகத்தை நடுவமாகக் கொண்ட கடற்கரையில் கற்ற தமிழ். அவை எந்த மக்களுக்காக எழுதப்பட்டனவோ அம்மக்கள் இக்கரையினர். அச்சுப்பணிக்குப் பொருளுதவி நல்கியோரும் முத்துக்குளித்துறைப் பரதவரே. கடலடியில் மூச்சடக்கி ஈட்டிய பொருளின் ஒரு பகுதி ஈய எழுத்தாயிற்று. பெரிப்புளூசு சொன்ன கைதியின் உழைப்பு அரசியின் ஆரமாயிற்று. அதே கடலில் அவருக்குப்பின் மூழ்கியவரின் உழைப்பு நூலாயிற்று. புன்னைக்காயலுக்கு இதனினும் பெரிய சிறப்பு வேண்டுவதில்லை.

மறதியும் மீட்சியும்

16ஆம் நூற்றாண்டு முடியுமுன்பே தூத்துக்குடி முதன்மை பெறத் தொடங்கியது. பனிமய மாதா ஆலயம் அங்கே 1582இல் எழுந்தது. புன்னைக்காயலில் உயிர்நீத்த அடிகளாரின் உடலும் தூத்துக்குடிக்கே எடுத்துச் செல்லப்பட்டு அடக்கம் பெற்றது. 1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றியபின் போர்ச்சுகீசியர் காலம் முடிந்தது. அச்சிட்ட நூல்கள் தமிழகத்தில் அருகி மறைந்தன. எஞ்சிய ஒன்றிரண்டு படிகள் ஐரோப்பிய, அமெரிக்க நூலகங்களில் தங்கின. தம்பிரான் வணக்கம் இன்று ஆர்வர்டில் உள்ளது. அடியார் வரலாற்றின் படி வத்திக்கானில் உள்ளது.

1950களில் ஐரோப்பிய நூலகங்களில் தமிழ் நூல்களைத் தேடியலைந்த தனிநாயகம் அடிகளார் இவற்றைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொணர்ந்தார். யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்த அவர், நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தபோது தமிழ்ப் பயிற்சியை ஆழப்படுத்திக்கொண்டவர். தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவியவர். அக்கழகமே பின்னர் இயேசு சபைப் புலவர் ச. இராசமாணிக்கம் அடிகளாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1967இல் அடியார் வரலாற்றை வெளியிட்டது. ஏறத்தாழ 380 ஆண்டுகளுக்குப்பின் அந்நூல் தான் புறப்பட்ட கரையில் மீண்டும் அச்சேறியது.

இச்செய்தியில் இலக்கிய அமைப்புகளுக்கு ஒரு பாடம் உண்டு. அரசோ பெரும் பல்கலைக்கழகமோ செய்யாத பணியை ஒரு துறைமுக நகரின் இலக்கியக் கழகம் செய்தது. சிலர் கூடிச் சிறு பொருள் சேர்த்து ஒரு நூலைப் பதிப்பிக்கும்போது அதன் பயன் யார்க்கு, எக்காலத்து விளையும் என்று அவர்கள் அறிவதில்லை. முத்துக்குளித்த பரதவரும் அறிந்திலர்.

இன்றும் ஆறு

தாமிரபரணியின் இறுதி அணைக்கட்டு திருவைகுண்டத்தில் உள்ளது. மலையடிவாரத்துக் கோடைமேலழகியான் முதலாக அமைந்த எட்டு அணைக்கட்டுகளில் அது எட்டாவது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டப்பட்டது. கோடையில் அதனைக் கடந்து கழிமுகத்துக்கு வரும் நன்னீர் மிகக் குறைவு. அப்பருவத்தில் கடல்நீரே ஆற்றுக்குள் ஏறுகிறது. ஊர்களை இடம்பெயர்த்த ஆறு இன்று தன் முகத்துவாரத்தை எட்டவே பாடுபடுகிறது. மறுபுறம், 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் அருகிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தபோது, அதே ஆறு கரைகடந்து கடைமடை ஊர்களைச் சூழ்ந்தது. வறட்சியிலும் வெள்ளத்திலும் முதலில் துன்புறுவது ஆற்றின் கடைசி ஊரே.

முத்துக்குளிப்பும் 1961உடன் நின்றுபோயிற்று. கொற்கையை உயர்த்திய முத்து இல்லை; காயலை உயர்த்திய குதிரைக்கப்பல் இல்லை; புன்னைக்காயலின் கோட்டை இல்லை. எஞ்சியிருப்பவை கடலை நம்பி வாழும் மக்களும், அவர்தம் முன்னோரின் பேச்சைத் தாங்கிய ஏடுகளும் ஆகும்.

கொற்கையைப் பாடப் புலவர் இருந்தனர்; காயலை எழுதப் பயணி இருந்தார்; புன்னைக்காயலுக்கோ அங்குப் பேசிய மொழியே சான்றாயிற்று. நெல்லைச் சீமையின் கவிஞர்கள் பொதிகையைப் பாடியது மிகுதி. ஆற்றின் பிறப்பிடம் அவர்களை ஈர்த்தது இயல்பே. அதே ஆறு மணலும் வண்டலுமாய்க் கடலில் கலக்கும் இடத்தில் ஒரு சிற்றூர் உண்டு. தமிழின் உரைநடை அச்சை நோக்கிப் புறப்பட்ட அவ்வூரும் பாடல்பெறும் தகுதி உடையதே.